ஆளுக்கு ஓர் அசை

முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கொத்தமல்லிப்பட்டியில் அவர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஊருக்கு அது ஒரு வகையில் வசதி. தேடி அலைய வேண்டியதில்லை.

அண்ணன் தம்பி நாலு பேர். மூத்தவர் உக்கிரபாண்டி, அடுத்தவர் தர்மலிங்கம், மூன்றாமவர் சொர்ணமுத்து, கடைசி கோமதிநாயகம். நாலு பேருக்கும் மீசை பெரிது, வேட்டி வெள்ளை. எந்தக் கல்யாண வீட்டிலும் முன்வரிசை நாற்காலி அவர்களுக்குத்தான். யாராவது யோசனை கேட்டு வந்தால் நாலு பேரும் ஒருமிக்கத் தலையாட்டுவார்கள். வந்தவர் போன பிறகு, அவர் என்ன கேட்டார் என்று தங்களுக்குள் விசாரித்துக்கொள்வார்கள்.

இவர்களுக்கு ஒரே தங்கை பேச்சியம்மாள். அந்தக் குடும்பத்துக்கு என்று ஒதுக்கியிருந்த புத்தி அண்ணன்மார் நாலு பேரையும் தாண்டி அப்படியே அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. அவள் மகன் இசக்கிராஜா ஸ்பெயினில் கப்பல் கட்டும் இடத்தில் இன்ஜினியர். அங்கே நூரியா என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பிடிக்காமல் இருந்தவர் அவள் அப்பா ஃபெர்மின் ஒருவர்தான். மனைவி இல்லாத மனிதர். ஒரே பெண். "பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான். ஆனால் அவன் வீட்டு மனிதர்களைப் பார்க்காமல் நான் சம்மதம் சொல்ல மாட்டேன்" என்று மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது.

வீட்டு மனிதர்களைப் பார்க்க வருகிறார் என்றதும் பேச்சியம்மாள் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். நேரே அண்ணன்மார் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, உங்க நாலு பேரு காலுலயும் விழுதேன். அவரு வார அன்னைக்கு நீங்க வாயைத் தொறக்காம இருந்தாப் போதும். மருமகனுக்கு நீங்க செய்யுத சீரு அதுதான்" என்றாள்.

அவள் போனபிறகு நாலு பேரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"தங்கச்சி என்ன சொல்லுதா?" என்றார் சொர்ணமுத்து.

"நாம பேசுனா சம்பந்திக்குப் புரியாதுன்னு வருத்தப்படுதா" என்று உக்கிரபாண்டி விளக்கினார். "நியாயந்தானே? தாய்மாமன் பேசுதது புரியலைன்னா அது என்ன கல்யாணம்? ஸ்பானிஷ் படிச்சிருவோம்."

மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

பக்கத்து டவுனில் ஜெசிந்தா டீச்சர் இருந்தார். பெரு நாட்டில் ரொம்ப வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவர். வெளிநாடு போகிற பெண்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பொறுமைக்குப் பேர் போனவர் என்று சொல்வார்கள். இந்த நாலு ஜோடிச் செருப்பும் அவர் வாசலில் கழன்று விழும்வரை அது உண்மையாகவும் இருந்தது.

டீச்சர் கரும்பலகையில் நீளமாக ஒரு சொல்லை எழுதினார்.

"பியென்வெனிதோஸ். வாங்க, நல்வரவுன்னு அர்த்தம். நீளமா இருக்கேன்னு பயப்படாதீங்க. ஸ்பானிஷ்ல எவ்வளவு பெரிய சொல்லா இருந்தாலும் அசை அசையாப் பிரிச்சாப் போதும், வாய்க்குள்ள வந்துரும். பாருங்க, பியென், வே, நீ, தோஸ். நாலு அசை. பிரிச்சுக்கோங்க."

நாலு அசை. நாலு பேர். பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்தச் சகோதரர்கள் இந்த வார்த்தையைக் கடைசியாகக் கேட்டது அப்பா காலமாகி, ஊர்ப் பெரியவர்கள் வயலை அளந்த அன்றைக்கு. நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மூத்தவன் நான். மொத அசை எனக்கு" என்றார் உக்கிரபாண்டி.

"அதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?" என்றார் தர்மலிங்கம் சந்தேகத்தோடு.

"பியென்னா 'நல்ல'ன்னு அர்த்தம். லத்தீன்ல பெனே. அதுதான் வேர்."

"பாத்தியளா? நல்லதெல்லாம் அண்ணாச்சிக்கு. கிணத்தடி வயலையும் இப்படித்தான் எடுத்துக்கிட்டாவ. சரி, எனக்கு வந்தது என்ன?"

"வே. அதைத் தனியா எடுத்தா 'போ'ன்னு அர்த்தம் வந்துரும். ஆனா அப்படித் தனியா எடுக்கக் கூடாதுங்க. பின்னாடி இருக்கிற வெனிதோஸ் மொத்தமும் 'வெனீரே'ங்கிற லத்தீன் வேர்லேருந்து வந்தது. வெனீரேன்னா வருதல்."

"வாரதுல என் பங்கு 'போ'" என்றார் தர்மலிங்கம். "நான் பொறந்த நேரம் அப்படி."

"என் பங்கு?" என்றார் சொர்ணமுத்து.

"நீ. தனியா எடுத்தா 'கூட இல்லை'ன்னு வரும். ஒண்ணுகூட இல்லைங்கிறோமே, அதுல வர்ற கூட இல்லை. ஆனா ஐயா, இதை எல்லாரும் சேர்த்து..."

சொர்ணமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கூட இல்லையாம். நடுவுல பொறந்தவனுக்கு ஒண்ணுகூட இல்லை."

"தோஸ்னா என்ன டீச்சர்?" என்று கோமதிநாயகம் மெல்லக் கேட்டார்.

"ரெண்டு."

"எனக்கு ரெண்டு!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். அண்ணன்மார் மூன்று பேரும் அவரைப் பார்த்த பார்வையில் பழைய வயல் வரப்பெல்லாம் தெரிந்தது.

அன்றிலிருந்து அவரவர் அசை அவரவர் சொத்து. அடுத்தவர் அசையைத் தவறிச் சொன்னாலும் வரப்பு தாண்டியதாகக் கணக்கு.

டீச்சர் மனம் தளரவில்லை. அடுத்த பாடத்துக்குப் போனார். "இந்தச் சொல்லுல கடைசிக்கு முந்தின அசையை நல்லா அழுத்தணும். 'நீ'யை அழுத்தினாத்தான் அவங்களுக்குப் புரியும்."

மூன்று பேரும் சொர்ணமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். சொர்ணமுத்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"எங்க டீச்சர் அழுத்தணும்? தோளுலயா, வயித்துலயா?" என்று கேட்டார் தர்மலிங்கம்.

தொண்டையைத் தொட்டுக் காட்டி, "இங்கேயிருந்து அழுத்தம் வரணும்" என்றார் டீச்சர் பாவம்.

பிறகு உயிரெழுத்துப் பாடம். "அ, எ, ஒ மூணும் பலசாலிங்க. இ, உ ரெண்டும் நோஞ்சான். ரெண்டு பலசாலி பக்கத்துல பக்கத்துல வந்தா ஒரே அசைக்குள்ள இருக்க மாட்டாங்க, பிரிஞ்சு தனித்தனி அசையாப் போயிருவாங்க. ஒரு பலசாலியும் ஒரு நோஞ்சானும் வந்தா ஒண்ணாக் குடும்பம் நடத்துவாங்க."

இது மட்டும் அவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "நம்ம பேச்சியும் மச்சானும்" என்றார் உக்கிரபாண்டி. பேச்சியம்மாளின் கணவர் சிதம்பரநாதன் ரொம்ப அமைதியானவர்.

"அடுத்து எச்னு ஒரு எழுத்து. எழுதுவாங்க, சொல்ல மாட்டாங்க. மகனுக்கு லத்தீன்ல ஃபிலியுஸ். அந்த ஃப் சத்தம் தேய்ஞ்சு தேய்ஞ்சு ஸ்பானிஷ்ல வெறும் எச் ஆச்சு. இப்ப ஹிஹோன்னு எழுதி இஹோன்னுதான் சொல்றோம். எச் சும்மா நிக்கும்."

"அதுவும் மச்சான்தான். கல்யாணத்துக்கு முன்னாடி நல்லாப் பேசுவாரு. தேய்ஞ்சு போனாரு. இப்ப பத்திரிகையில பேரு மட்டும் போடுதோம்" என்றார் தர்மலிங்கம்.

கடைசியாக டீச்சர் வேர்களைப் பற்றிச் சொன்னார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு.

"ஸ்பானிஷ், போர்ச்சுகீசு, இத்தாலியன், ஃபிரெஞ்சு எல்லாம் அக்கா தங்கச்சிங்க. தாய் லத்தீன். தாய் செத்துப்போச்சு. பிள்ளைங்க இருக்காங்க."

"லத்தீனுக்குத் தாய் யாரு?" என்றார் உக்கிரபாண்டி.

"அதுக்கும் முன்னாடி ஏதோ ஒரு பழைய மொழி..."

"தமிழ்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்க சித்தப்பா மேடையில சொல்லியிருக்காரு."

"ஆதாரம் ஏதாவது சொன்னாரா?"

"மைக் வச்சுச் சொன்னாரு."

டீச்சர் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். மீதி சகோதரர்கள் நெஞ்சை நிமிர்த்தினார்கள். ஆனால் கோமதிநாயகத்தின் முகம் மட்டும் வெளுத்தது.

"அண்ணாச்சி, லத்தீனுக்குத் தாய் தமிழ்னா, செத்தது நம்ம வீட்டுப் பொண்ணுல்லா?"

எல்லோரும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்கள்.

"சம்பந்திக்கும் தாய்ச்சாவு, நமக்கும் பொண்ணு சாவு" என்றார் தர்மலிங்கம். "ரெண்டு பக்கமும் தீட்டு. வருசம் திரும்பாம எப்படிக் கல்யாணம் வைக்க?"

பேச்சியம்மாளிடம் போய்க் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். யார் செத்தது என்று கேட்டாள். சொன்னார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அண்ணே, செத்த தேதியைக் கேட்டுட்டு வாங்க, பாப்போம்" என்றாள். கொஞ்ச நேரம் அவர்கள் வெளியே போய் வந்தால் போதும் என்பது அவள் எண்ணம்.

லத்தீன் சாவு விவரம் தெரிய வேண்டுமென்றால் கோயில் ஃபாதரைத்தான் கேட்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஃபாதர் இன்னாசி வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது நாலு பேரும் பெரிய சம்பங்கி மாலையோடு போய் நின்றார்கள்.

"சாமி, லத்தீன் தவறிட்டதாக் கேள்விப்பட்டோம். எங்களுக்குத் தாக்கல் சொல்லி யாரும் வரலை."

ஃபாதர் குழாயை மூடினார். "எந்த லத்தீன்? மொழியையா சொல்றீங்க?"

"அவிய பேருதான். எப்ப தவறுனாவ?"

ஃபாதருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாலு பேர் முகத்திலும் நிஜமான துக்கம் இருந்ததால் அடக்கிக்கொண்டார். "அதாச்சு, ஆயிரம் வருஷத்துக்கு மேல."

"அப்பாடா, திவசமெல்லாம் முடிஞ்சிருக்கும்" என்று உக்கிரபாண்டி துண்டைத் திரும்பத் தோளில் போட்டார். "நல்ல சாவுதானா சாமி?"

"மெள்ள மெள்ளத்தான் போச்சு. பிள்ளைங்க ஆளுக்கொரு நாட்டுல அவங்கவங்க இஷ்டத்துக்குப் பேச ஆரம்பிச்சாங்க."

"பிள்ளையள் பிரிஞ்சாத் தாய்க்கு அதுதான் கதி" என்று கோமதிநாயகம் மூக்கைச் சிந்தினார்.

ஃபாதர் உள்ளே போய்த் தடியான லத்தீன் அகராதியை எடுத்து வந்து காட்டினார். அவர்கள் அதற்கு மாலை போட்டுக் கும்பிட்டார்கள். அத்தோடு முடிந்திருக்கும். ஃபாதர் சும்மா இருக்காமல், "ஆனா முழுசாப் போயிட்டதாச் சொல்ல முடியாது. நாங்க இன்னும் எப்பவாவது பூசையில லத்தீன்ல பேசுறதுண்டு" என்றார்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவளோடு இந்த மனிதர் பேசுகிறார். நாலு பேரும் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபெர்மின் வரும் நாள் வந்தது. பேச்சியம்மாள் வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டிருந்தாள். எழுத்தில் மட்டும் இருக்கும் சிதம்பரநாதன் புதுச் சட்டை போட்டுத் தூண் ஓரமாக நின்றார். இசக்கிராஜா விமான நிலையத்திலிருந்து அவர்களைத் தானே காரில் கூட்டி வந்தான். வழியெல்லாம் நூரியா, "உன் மாமாக்களைப் பற்றிச் சொல்" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் வயலைக் காட்டினான், குளத்தைக் காட்டினான், மயிலைக் காட்டினான்.

காலையிலேயே மாமாக்களுக்குள் ஒரு சிக்கல் எழுந்திருந்தது. முதல் அசை முதலில் வர வேண்டும் அல்லவா? வாசலில் நாலு பேரும் வரிசையாக நின்றால் முதல் அசையும் கடைசி அசையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மூத்தவருக்கு அதில் என்ன மரியாதை? ஆகையால் உக்கிரபாண்டி, ஊர் எல்லையில், மெயின் ரோடு திருப்பத்தில் போய் நின்றுகொண்டார். மற்றவர்கள் வீட்டு வாசலில்.

கார் திருப்பத்தில் வந்தது. பட்டு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கையை விரித்துக்கொண்டு ரோட்டில் குதித்து, "பியென்!" என்று கத்தினார். இசக்கிராஜா பார்த்தான். பார்க்காதது போல் வண்டியை மிதித்தான்.

"யாரோ ஒருவர் 'நல்லது' என்று சொன்னாரே" என்றார் ஃபெர்மின் திரும்பிப் பார்த்தபடி. அவருக்கு மனசுக்கு இதமாக இருந்தது. "நல்ல ஊராகத்தான் தெரிகிறது."

வீட்டு வாசலில் கார் நின்றது. இசக்கிராஜா பெட்டியை எடுக்கப் பின்னால் போனான். ஃபெர்மின் முதலில் இறங்கி, மகளுக்குக் கை கொடுத்து இறக்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். எதிரே மூன்று மீசைகள்.

தர்மலிங்கம் ஓர் அடி முன்னே வந்து நெஞ்சு நிறைய மூச்செடுத்துச் சொன்னார்: "வே!"

போ என்கிறார். ஃபெர்மின் திடுக்கிட்டார்.

உடனே தர்மலிங்கமும் கோமதிநாயகமும் நடுவில் நின்ற சொர்ணமுத்துவின் கழுத்தில் ஆளுக்கு ஒரு கையைப் போட்டு, டீச்சர் காட்டிய அதே இடத்தில், சம்பந்திக்குக் கட்டாயம் புரிய வேண்டும் என்று அழுத்தினார்கள்.

"நீஈஈ!" என்று அலறினார் சொர்ணமுத்து. கண் இரண்டும் வெளியே வந்தன.

கோமதிநாயகம் கையை எடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு, இரண்டு விரலை நீட்டி முடித்து வைத்தார்: "தோஸ்!"

ஃபெர்மினுக்குச் சந்தேகமே இல்லை. தெளிவான ஸ்பானிஷ். போ. இரண்டு பேர்கூட வேண்டாம். எண்ணிப் பார்த்தார். தானும் மகளும் இரண்டு பேர்தான். இன்னும் நின்றால் என்ன நடக்கும் என்பதைத்தான் அந்த நடு ஆளின் கழுத்தில் செய்து காட்டுகிறார்கள்.

"நூரியா, காரில் ஏறு" என்றார்.

இசக்கிராஜா பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். "இல்லை, இல்லை, அது பியென்வெனிதோஸ்! நல்வரவு!"

"நல்வரவில் நல்லது எங்கே?"

"நல்லது மெயின் ரோட்டில் நிற்கிறது. வந்துகொண்டிருக்கிறது!"

"நீ பொய் சொல்கிறாய். வீட்டைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாய்" என்றார் ஃபெர்மின். கார்க் கதவில் கை வைத்துவிட்டார். "நான் கப்பல் கட்டும் பையனைத்தான் பார்த்தேன். அவன் பின்னால் இப்படி ஒரு குடும்பம் இருக்கும் என்று நினைக்கவில்லை." இசக்கிராஜா விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தான். அவன் ஸ்பானிஷ் முழுவதும் அந்த நேரம் பார்த்து அவனைவிட்டுப் போய்விட்டது.

அப்போது திருப்பத்திலிருந்து ஓடி வந்த உக்கிரபாண்டி வந்து சேர்ந்தார். மூச்சு இரைத்தது. தம்பிமார் வேலையை முடித்துவிட்டதைப் பார்த்தார். தன் பங்கு விட்டுப் போய்விடக் கூடாதே என்று ஃபெர்மினின் முகத்துக்கு நேராக நின்று சொன்னார்: "பியென்!"

போ, இரண்டு பேர்கூட வேண்டாம் என்றார்கள். இப்போது பெரியவர் வந்து, நல்லது என்று உறுதி செய்கிறார்.

நூரியா கோலத்தின் நடுவிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அப்பாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. சிரிப்பு விடவில்லை.

பேச்சியம்மாளுக்கு ஸ்பானிஷ் ஒரு எழுத்தும் தெரியாது. கதவில் கை வைத்து நிற்கும் மனிதரைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. வாசலில் அண்ணன் "தோஸ்" என்று கத்தியது, விருந்தாளி கேட்டதைச் சொல்வதாக அவள் காதில் விழுந்திருந்தது.

"நேரம் தப்பிப் பசியில வந்தா மனுசனுக்குக் கோவம் வரத்தான் செய்யும்" என்றாள். "ஏலே ராசா, அவரை உள்ள கூட்டிட்டு வா. தோசைதானே கேக்காரு."

ஃபெர்மின் உள்ளே வந்ததற்குக் காரணம் நெய் வாசம்தான். முறுகலான தோசை ஒன்றை இலையில் வைத்தாள். அவர் சந்தேகத்தோடு ஒரு ஓரத்தைக் கிள்ளித் தின்றார். பிறகு மற்ற ஓரத்தை. பிறகு இலையில் ஒன்றும் இல்லை. தலை நிமிராமல், "தோஸ் மாஸ்" என்றார்.

இன்னும் இரண்டு என்று அர்த்தம். பேச்சியம்மாள் அதைத் தோசை என்று எடுத்துக்கொண்டு இரண்டு வைத்தாள். அந்தச் சமையலறையில் அன்றைக்கு இரண்டு மொழிகளும் ஒரு பிசகும் இல்லாமல் பேசிக்கொண்டன. சிதம்பரநாதன் தூண் ஓரத்திலிருந்து வந்து, ஒன்றும் சொல்லாமல், சட்னிப் பாத்திரத்தை ஃபெர்மின் பக்கம் நகர்த்தி வைத்தார். ஃபெர்மினுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வயிறு நிறைந்ததும் மகள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். ஆளுக்கு ஓர் அசையாகப் பங்கு வைத்த கதையைக் கேட்டு, முதலில் நம்பாமல், பிறகு மேசையைத் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எழுந்து போய் நாலு மாமாக்களின் கையையும் பிடித்து, "கிராசியாஸ்" என்றார்.

"நன்றின்னு சொல்றார் மாமா" என்றான் இசக்கிராஜா. போன உயிர் திரும்பி வந்திருந்தது.

மாமாக்கள் அந்தச் சொல்லை அங்கேயே பிரித்தார்கள். கிரா, சியாஸ். இரண்டே அசை. மூத்தவர் ஒன்று எடுத்தார், அடுத்தவர் ஒன்று எடுத்தார். சொர்ணமுத்துவும் கோமதிநாயகமும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள்.

"எங்க போறீங்க மாமா?"

"நன்றி எல்லாம் பெரியவியளுக்கு முடிஞ்சு போச்சு. கழுத்து நெரிபட்டவன் நான். எனக்கு ஒரு அசைகூடக் கிடையாது. தாய்மாமனுக்கு மரியாதை இல்லாத வீட்டுல எங்களுக்கு என்ன வேலை?" என்றார் சொர்ணமுத்து.

ஃபெர்மினிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் வாசல்வரை ஓடிப் போய் இன்னொரு தடவை "கிராசியாஸ்" என்றார். ஆளுக்கு ஒன்று சரியாக வந்தது. கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஜெசிந்தா டீச்சரும் வந்திருந்தார். மாமாக்கள் கண்ணில் படாமல் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஃபெர்மின் வேட்டி கட்டியிருந்தார். அது நழுவாமல் இருக்க மேலே பெல்ட்டும் போட்டிருந்தார். தாலி கட்டுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு ஆசை. அவர்கள் வழக்கப்படி எல்லார் முன்னாலும் மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: என் மகளை மனைவியாக ஏற்கிறாயா? மாப்பிள்ளை, "சி, கியேரோ" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவர்கள் முறைப்படி கல்யாணம் முடிந்தது.

மாமாக்கள் நாலு பேரும் மணவறையை விட்டுக் கூட்டத்துக்குள் இறங்கி டீச்சரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"டீச்சர், சி-ன்னா என்ன?"

"ஆமாம்."

"கியேரோ-ன்னா?"

"விரும்புறேன், வேணும்."

"அது சும்மா மேலோட்டம். வேரு என்ன? வேரைச் சொல்லுங்க."

டீச்சர் நல்லவர். கேட்டால் சொல்லிவிடுவார். "லத்தீன்ல குவேரெரே. தேடுதல்னு அர்த்தம்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொண்ணைப் பக்கத்துல வச்சுக்கிட்டு 'ஆமாம், தேடுதேன்'னு சொல்லப் போறானா?" என்றார் தர்மலிங்கம். "யாரைத் தேடுதான்?"

"மணவறையில உக்காந்துக்கிட்டு வேற பொண்ணு தேடுதான். சம்பந்திக்கு வேரு தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றார் சொர்ணமுத்து.

"மருமகன் வாயால அந்தச் சொல்லு வரக் கூடாது. நாம சொல்லிருவோம். நாம யாரையும் தேடலையே" என்றார் உக்கிரபாண்டி.

ஃபெர்மின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கேள்வியைக் கேட்டார். இசக்கிராஜா நூரியாவைப் பார்த்து வாயைத் திறந்தான். பின்னாலிருந்து கோமதிநாயகத்தின் கை வந்து அந்த வாயைப் பொத்தியது. மற்ற மூன்று பேரும் மணவறை முன் வரிசையாக நின்றார்கள்.

"சி" என்றார் உக்கிரபாண்டி.

"கியே" என்றார் தர்மலிங்கம்.

"ரோ" என்றார் சொர்ணமுத்து. இந்த முறை யாரும் அழுத்தாததால் குரல் நன்றாக வந்தது.

நாதஸ்வரக்காரர் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கெட்டி மேளத்தை எடுத்துவிட்டார். மேளச் சத்தத்துக்குள் இசக்கிராஜா மாமாவின் கையைக் கடித்து விடுவித்துக்கொண்டு, முகூர்த்தம் தப்புவதற்குள் தாலியைக் கட்டினான். அட்சதை விழுந்தது. ஃபெர்மின் மட்டும் கையில் அரிசியோடு நின்று, மகளிடம் குனிந்து, "கேள்விக்குப் பதில் சொன்னது அந்த மூன்று பேர்தானே? அப்படியானால் எங்கள் முறைப்படி உனக்குக் கணவன் யார்?" என்று கேட்டார். நூரியாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்து, மாலை அவிழ்ந்துவிட்டது.

இந்தக் கேள்வியை யாரோ தமிழில் சொல்லிவிட்டார்கள். மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. தமிழ் முறைப்படி மருமகனுக்கும், ஸ்பானிஷ் முறைப்படி மாமன்மார் மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். மூன்று மாமாக்களும் வெட்கத்தோடு தலை குனிந்து பாயசம் குடித்தார்கள்.

கோமதிநாயகத்தைக் காணவில்லை. பேச்சியம்மாள் தேடிப் போனாள். மண்டபத்துக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி தங்கபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நின்றாள்.

"அண்ணே, சாப்பிட வாங்க. இலை போட்டாச்சு" என்றாள் பேச்சியம்மாள்.

"எப்படி வருவேன்?" என்றார் கோமதிநாயகம். "அண்ணன்மாரு மூணு பேருக்கும் ஆயிருச்சு. வீட்டுல நான் ஒருத்தன் நிக்கேன். என்னைப் பத்தி யாருக்காவது கவலை இருக்கா?"

பேச்சியம்மாள் மதினியைத் திரும்பிப் பார்த்தாள். நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன் என்பது போல.

தங்கபுஷ்பம் மூக்கை உறிஞ்சினாள்.

"அதானே பேச்சி. இவிய மட்டும் என்ன பாவம் செஞ்சாவ? காலாகாலத்துல இவியளுக்கும் ஒண்ணைப் பாத்து முடிச்சு வைக்கணும்" என்றாள்.